ஏழேரி நாட்டின் இடக்கூடை

ஏழு ஏரிகளும் ஒரே ஒரு நீதிமன்றமும் உள்ள நாடு ஒன்று இருந்தது. ஏரிகளின் எண்ணிக்கையை வைத்து அதற்கு ஏழேரி நாடு என்று பெயர். நீதிமன்றத்தை வைத்துப் பெயரிட யாருக்கும் தோன்றவில்லை. அங்கே அரசரைக்கூட மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அரச குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் இருந்தது. ஒருவர்தான் நிற்பார். மற்றவர்களுக்கு அந்த நேரம் பார்த்து உடம்புக்கு முடியாமல் போய்விடும்.

அந்த நாட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் மீதாவது குற்றம் சாட்டினால், அரசுத் தரப்பு அதிகாரிகள் ஊரெல்லாம் சுற்றிச் சான்றுகளைத் திரட்டி வருவார்கள். அவற்றை இரண்டு கூடைகளில் போடுவார்கள். குற்றத்தை நிரூபிக்கக்கூடியவை எல்லாம் வலக்கூடையில் போகும். அதைச் சிவப்புப் பட்டால் மூடி, மேளம் கொட்டி, நீதிமன்றத்தின் முன்வாசல் வழியே எடுத்துப் போவார்கள். மற்றவை இடக்கூடைக்கு. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிப் பின்வாசல் வழியே கொண்டுபோய் ஒரு கொட்டடியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். முன்னொரு காலத்தில் இரண்டு கூடைகளையும் சேர்த்துப் பார்த்த நீதிபதி ஒருவருக்குக் கடுமையான தலைவலி வந்து, அன்று தீர்ப்பே சொல்ல முடியாமல் போனதாம். அதிலிருந்து நீதிபதிகளின் உடல்நலம் கருதி ஒரு கூடையே போதும் என்று முடிவாயிற்று. அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஏழேரி நாட்டு நீதிபதி எவருக்கும் தலை வலித்ததில்லை.

இந்த நாட்டில்தான் பூவாயி என்ற பெண் தன் தம்பி சடையப்பனோடு வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைத்துவந்தாள். பெற்றவர்கள் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். பேச்சில் கொஞ்சம் வெடுக்கென்று இருப்பாள். தம்பியோ அவளைவிட ஒரு படி மேல். மனதில் பட்டதை எந்த இடத்தில் சொல்லக்கூடாதோ அந்த இடத்தில் சொல்லிவிடுவான்.

அப்படித்தான் பெரிய ஏரிக்குப் புதுக் கரை கட்டித் திறப்பு விழா நடந்த அன்றும் சொன்னான். கரையைக் கட்டியவர் அரசரின் மைத்துனர். விழா மேடையில் அவருக்குக் ‘கரைகாத்த செம்மல்’ என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். சடையப்பன் கூட்டத்திலிருந்து ஒரு பிடி கரையை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, இது களிமண்ணு இல்லீங்க, வெறும் மணலு. ஒரு மழைக்குத் தாங்காதுங்க,” என்று கத்தினான். நாதஸ்வரத்தைக் கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள்.

மழை வந்தது. கரை உடைந்தது. கீழேயிருந்த கொடிக்கால்கள் அத்தனையும் மண்மூடிப் போயின. அவற்றில் பூவாயியின் கொடிக்காலும் ஒன்று. அரசவையில் மறுநாளே வெற்றிலைத் தட்டுப்பாடு வந்துவிட்டதால் விசாரணை மிகவும் வேகமாக நடந்தது. கரை உடையப்போவது யாருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று கேட்டார்கள். சடையப்பனுக்கு என்று ஊரே சொன்னது. உடைக்கப்போகிறவனைத் தவிர வேறு யாருக்குத் தெரிந்திருக்க முடியும் என்று கேட்டு, அவனை வீட்டிலிருந்தே பிடித்துப்போனார்கள். கூரை எரவாணத்தில் செருகியிருந்த மண்வெட்டியையும் எடுத்துப்போனார்கள்.

பூவாயி அரசுத் தரப்புத் தலைவரைப் பார்க்கப் போனாள். அவர் பெயர் அறவாழியார். கோபப்படத் தெரியாத மனிதர். எதிரில் நிற்பவர் அழுதால் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார். அழுது முடித்ததும் குவளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

“அம்மணி, உம்முடைய தம்பிக்கு எதிரான வலக்கூடை முறைப்படி தயாராகிவிட்டது,” என்றார். “அவன் காலில் ஒட்டியிருந்த ஏரிச்சேறு இருக்கிறது. கரையைப் பழித்துப் பேசியதைக் கேட்ட சான்றோர் இருக்கிறார்கள். ஒரு மண்வெட்டியும் இருக்கிறது.”

“ஏரி உடைஞ்சு ஊருக்குள்ள வந்தப்போ எல்லார் காலுலயும்தானுங்க சேறு. எங்க கொடிக்காலே முழுகிப்போச்சு. தன் பொழப்புல தானே மண்ண அள்ளிப் போட்டுக்குவானா?”

“சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகத் தன் கொடிக்காலையும் சேர்த்து மூழ்கடித்திருக்கிறான். எவ்வளவு பெரிய திட்டம் பாரும்.”

பூவாயி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே இருந்த வலக்கூடையின் ஓரத்தில் ஒரு மண்வெட்டி பளபளவென்று இருந்தது. “இது எங்க மம்முட்டி இல்லீங்களே. இது புதுசுல்ல?”

“இது மாதிரிக்கு வைத்த மண்வெட்டி. சந்தையில் வாங்கியது. கரையை எதனால் வெட்டியிருப்பான் என்று நீதிபதி தெரிந்துகொள்வதற்காக.”

“அப்ப எங்களது எங்க?”

அறவாழியார் பொய் சொல்லாதவர். “இடக்கூடையில்,” என்றார்.

“அது எதுக்கு அங்க போச்சு? காட்டுங்களேன், பாத்துட்டுப் போறேன்.”

“இடக்கூடை இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. அதில் இருப்பது உமக்குத் தேவைப்படாது என்பதையும் மறைக்கவில்லை. இதைவிட வெளிப்படையாக ஓர் அரசு எப்படி இருக்க முடியும்?” என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பூவாயி அழவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்தாள்.

நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ அது தேர்தல் காலம். இடக்கூடையைக் காட்டச் சொல்லி ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. பூவாயி ஒருத்தி மட்டுமல்ல, அண்ணனை, கணவனை, மகளைச் சிறைக்குக் கொடுத்தவர்கள் வீதிக்கு நாலு பேர் இருந்தார்கள். அரசர் பெருந்தன்மையோடு ஓர் ஆணை பிறப்பித்தார். இனி இடக்கூடையில் உள்ள எந்தப் பொருளையும், குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டார் கேட்டால், மறுக்காமல் காட்டவேண்டும். எந்தப் பொருள் என்பதை மட்டும் அவர்கள் சரியாகச் சொல்லவேண்டும்.

ஊரில் வெடி வெடித்தார்கள். அரசர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பூவாயி விடிந்ததும் கொட்டடி வாசலுக்குப் போனாள். அங்கே புதிதாக ஒரு ஜன்னல் வைத்து, கூடைக்காப்பாளர் என்று கச்சபேசன் என்பவரை உட்கார வைத்திருந்தார்கள். கச்சபேசன் கெட்டவர் அல்ல. வேலைக்குப் புதிது, அதனால் பயந்தவர்.

“எங்க வீட்டு மண்வெட்டிய காட்டுங்கய்யா. வேலங்கட்டைப் பிடி. பிடியில சூடு போட்ட அடையாளம் இருக்கும்.”

“அதில் உங்களுக்குச் சாதகமாக இருப்பது என்ன?”

“அதப் பாத்தாத்தானே தெரியும்?”

“தெரிந்தால்தானே காட்ட முடியும்? சாதகமாக இருப்பது எதுவோ அதுதான் சான்று. மண்வெட்டி வெறும் மண்வெட்டிதான். ஆணையில் தெளிவாக இருக்கிறதம்மா, சான்றின் பெயரைச் சரியாகச் சொல்லவேண்டும்.”

பூவாயி யோசித்தாள். துருப்பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். பிடி கழன்றிருக்கிறதா என்றாள். இல்லை என்றார். இப்படியே வெயில் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள். கச்சபேசன் ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தர்மசங்கடம் தெரிந்தது. அவர் அந்த மண்வெட்டியைப் பார்த்திருக்கிறார் என்பது மட்டும் பூவாயிக்குப் புரிந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு இரவில் தூக்கம் போயிற்று.

சரியாகச் சொன்னவர்களும் இல்லாமல் இல்லை. செக்காட்டும் ஒருவர் தன் மருமகன் வழக்கில், “கோயில் உண்டியலை உடைத்த இடத்தில் ஒரு வெள்ளிப் பொத்தான் கிடந்தது, அரண்மனைச் சேவகர்கள் சட்டையில் இருக்கிறதே அந்த மாதிரி,” என்று சொல்லிவிட்டார். அவர் சும்மா ஊகித்துச் சொன்னதுதான். ஆனால் பொத்தான் கூடையில் இருந்தது. கச்சபேசன் அதை எடுத்து வந்து காட்டினார். அதற்குள் அறவாழியாருக்குச் செய்தி போய்விட்டது.

அவர் வந்து செக்காட்டுபவரைக் கைகுலுக்கிப் பாராட்டினார். “பூட்டிய அறைக்குள் இருக்கும் பொருளைச் சொல்லிவிட்டீர். குற்றம் நடந்த இடத்தில் இருந்தவரைத் தவிர வேறு யாரால் முடியும்?” என்றார். பெரியவரையும் மருமகனோடு கொண்டுபோய் அடைத்தார்கள். இடக்கூடைப் பொருளைச் சரியாகச் சொல்கிறவர் அந்தக் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்று இரண்டாவது ஆணை வந்தது. அதன் பிறகு ஜன்னலில் கூட்டம் குறைந்துவிட்டது. மக்களுக்குச் சான்றுகளில் ஆர்வம் இல்லை என்று அறவாழியார் அரசவையில் வருத்தத்தோடு தெரிவித்தார்.

ஆனால் பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் விருந்தில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டதால் அரசருக்கு மானப்பிரச்சினை ஆயிற்று. “எதையும் மறைக்காதே. எல்லாவற்றையும் வெளியே கொட்டு,” என்று சொல்லிவிட்டார். அது மூன்றாவது ஆணை. ஏழேரி நாட்டு அதிகாரிகள் அரசர் சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள். கொட்டடியில் அத்தனை காலமாகச் சேர்ந்திருந்த எல்லா வழக்குகளின் இடக்கூடைகளையும் வண்டி வண்டியாக எடுத்துவந்து நீதிமன்றத்துக்குப் பின்னால் இருந்த திடலில் கொட்டினார்கள். எது எந்த வழக்கு என்று சீட்டு எதுவும் இல்லை. சீட்டு வைத்தால் ஒருவர் ரகசியம் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் அவற்றை முன்பே கிழித்துவிட்டார்கள்.

பூவாயி அந்தக் குவியலைச் சுற்றி நடந்தாள். ஒற்றைச் செருப்புகள், உடையாத பூட்டுகள், ரத்தம் படாத அரிவாள்கள், வேறு யாருடைய பெயரோ பொறித்த ஒரு மோதிரம், யாருடைய தலைக்கும் பொருந்தாத ஒரு தலைப்பாகை. ஒரு கிழவர் ஒரு சின்னச் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கவேண்டிய பொருள். அதை நினைத்ததும் பூவாயிக்கு ஆத்திரம் பொங்கியது. தன் தம்பிக்காக மட்டும் அல்ல.

எல்லோரையும் போல அவளும் தேட ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போனாள். சில நாட்களில் அதற்கும் போகவில்லை. ஒருநாள் பழைய பாய்களுக்கும் ஒரு மர உரலுக்கும் நடுவில் சூடு போட்ட பிடி ஒன்று கண்ணில் பட்டது. இழுத்தாள். அவர்கள் வீட்டு மண்வெட்டி.

பார்த்ததும் விளங்கிவிட்டது. இரும்பும் பிடியும் சேருகிற இடத்தைச் சுற்றி ஒரு குளவிக்கூடு, கல் மாதிரி காய்ந்து, இடைவெளி தெரியாமல் அப்பியிருந்தது. கரை கட்டுகிற வேலை நடந்த மாதங்களில் மதகை அடைத்துவிட்டதால் வாய்க்கால் வெட்டும் வேலை இல்லை. கொடிக்காலுக்குக் கிணற்றிலிருந்துதான் இறைத்தார்கள். எரவாணத்தில் சும்மா கிடந்த மண்வெட்டியில் குளவி வீடு கட்டிவிட்டது. ஒரே ஒரு வெட்டு வெட்டியிருந்தால்கூட அந்தக் கூடு உதிர்ந்திருக்கும். பூவாயி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு மண்வெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நீதிமன்றத்துக்கு நடந்தாள்.

அன்று சடையப்பனின் வழக்கு. நீதிபதி அமைதிநாதர் மண்வெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“அரசுத் தரப்பு என்ன சொல்கிறது?”

அறவாழியார் எழுந்தார். “முதலில் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இந்தப் பெண்ணின் கையில் இன்று இந்தச் சான்று இருக்கிறது என்றால், அரசு எதையும் மறைக்கவில்லை என்பது நிரூபணமாகிறது.” அவையில் கைதட்டினார்கள். “ஆனால் கனம் நீதிபதி அவர்களே, இது பொதுத்திடலில் கிடந்த பொருள். இந்தக் குளவி கூடு கட்டியது கரை உடைவதற்கு முன்னா பின்னா என்று யார் கண்டது? அது திடலில் வைத்தே கட்டியிருக்கலாம்.”

“இல்லீங்கய்யா,” என்று சடையப்பன் கூண்டுக்குள்ளிருந்து கத்தினான். “நீங்க எங்க வீட்டுலேர்ந்து எடுக்கும்போதே இருந்துச்சு. அதனாலதானே அத எடக்கூடையில போட்டீங்க?”

அமைதிநாதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவை திடுக்கிட்டது. பல தலைமுறைக்குப் பிறகு ஒரு நீதிபதிக்குத் தலை வலிக்கப்பார்க்கிறது. உடனே அவர் கையை எடுத்துவிட்டுத் தீர்வைச் சொன்னார். “குளவியை அழையுங்கள். எப்போது கட்டியது என்று அதுவே சொல்லட்டும்.”

சேவகர் வாசலுக்குப் போய் மூன்று முறை குளவியைக் கூப்பிட்டார். குளவி வரவில்லை. சாட்சி ஆஜராகாததால் சான்று தள்ளுபடியானது. கரையை மீண்டும் கட்டி முடித்து அது நிலைத்து நிற்கும்வரை சடையப்பன் சிறையில் இருக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கரை கட்டும் வேலை அரசரின் மைத்துனருக்கே கிடைத்தது. முன் அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

பூவாயி அந்தத் தீர்ப்பிலும் ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டாள். கரை நின்றால் தம்பி வந்துவிடுவான். தினமும் போய்க் கரையைப் பார்த்தாள். முடிந்த அன்றெல்லாம் ஒரு கூடை களிமண்ணைத் தலையில் சுமந்துபோய் யாருக்கும் தெரியாமல் கரையில் அப்பிவிட்டு வந்தாள். ஒரு பெண் சுமக்கிற களிமண் எந்த மூலைக்குக் காணும்?

அடுத்த மழைக்குக் கரை மறுபடியும் உடைந்தது.

இந்த முறையும் விசாரணை வேகமாக நடந்தது. முன்பு கரையை உடைத்தவன் யாரோ அவன்தான் இப்போதும் உடைத்திருப்பான் என்று அறவாழியார் முடிவுக்கு வந்தார். சடையப்பனைத் தேடி ஆட்கள் புறப்பட்டார்கள். வீட்டில் அவன் இல்லை. கொடிக்காலிலும் இல்லை. தலைமறைவாகிவிட்டான் என்று நாடெங்கும் தண்டோரா போட்டார்கள். கடைசியில் அரசுச் சிறையில் பதுங்கியிருந்தவனைக் கண்டுபிடித்துக் கைது செய்தார்கள். கண்டுபிடித்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

செய்தி கேட்ட பூவாயி கொட்டடி ஜன்னலுக்கு நேராகப் போனாள். மூன்றாவது ஆணை பழைய கூடைகளுக்கு மட்டும்தான் என்று அதிகாரிகள் முடிவு செய்திருந்ததால், புது வழக்குகளின் கூடைகள் மறுபடியும் கொட்டடியில்தான் இருந்தன. அங்கே வரிசை எதுவும் இல்லை. கச்சபேசன் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“சடையப்பன் வழக்கு, ரெண்டாவது. எடக்கூடையில என்ன இருக்குன்னு சொல்லட்டுங்களா?”

கச்சபேசன் எழுந்து நின்றுவிட்டார். குரலைத் தாழ்த்தி, “சொல்லாதீங்கம்மா. தப்பாச் சொல்லிட்டுப் போயிடுங்க. துரு, பிடி, எதையாவது சொல்லுங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்,” என்றார். அவர் அந்த ஜன்னலில் சாதாரணத் தமிழில் பேசியது அன்றுதான்.

பூவாயி அவரைப் பார்த்தாள். இந்த ஆளுக்கு ஈரம் இருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் தப்பாகச் சொன்னால் தம்பிக்கு ஒரு வாய்ப்பும் இல்லை.

“கரை ஒடைஞ்ச அன்னிக்கு என் தம்பி உங்க செயில்லதான் இருந்தான். கதவு பூட்டியிருந்துச்சு. சாவி உங்கக்கிட்ட இருந்துச்சு. அதுதான் சான்று. காட்டுங்க.”

கச்சபேசன் உள்ளே போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது அவருடன் அறவாழியாரும் இருந்தார்.

“மிகச் சரி,” என்றார் அறவாழியார். “அது இடக்கூடையில்தான் இருக்கிறது. வேறொன்றும் அதில் இல்லை. ஆனால் அம்மணி, சிறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அரசு ரகசியமாயிற்றே. உமக்கு எப்படித் தெரிந்தது?”

“எப்படித் தெரிஞ்சுதா? நீங்கதானேய்யா கையில வெலங்கு மாட்டி வீதி வழியா இழுத்துக்கிட்டுப் போனீங்க? ஊரே நின்னு பாத்துச்சே!”

“ஊர் பார்த்திருக்கலாம். ஊர் இங்கே வந்து சொல்லவில்லை. நீர்தான் சொன்னீர்.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “தண்ணீர் கொண்டுவரச் சொல்லட்டுமா?”

“உங்க தண்ணிய நீங்களே குடிங்க,” என்றாள் பூவாயி.

கரை உடைப்புக்கு உடந்தை என்று அவளையும் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவள் களிமண் கூடையோடு கரைக்குப் போனதைப் பார்த்தவர்கள் இருந்ததால் வலக்கூடையும் சுலபமாக நிறைந்தது. அந்த ஆண்டு அரசவையில் அறவாழியார் அறிக்கை படித்தார். சான்றைச் சரியாகக் கேட்டவர் எவருக்கும் அது மறுக்கப்படவில்லை என்றும், உலகில் வேறெந்த நாடும் இப்படி மார்தட்டிக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். அரசர் அவருக்குச் சால்வை போர்த்தினார். மைத்துனர் புதுக் கரைக்கு அடிக்கல் நாட்டினார்.

சிறையில் பூவாயியை அடைத்த அறைக்கு எதிரில்தான் சடையப்பனின் அறை இருந்தது. கதவு சாத்திய பிறகு அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

“ஏக்கா, உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்றான். “சான்ற காட்டச் சொல்லிக் கேக்கப் போனியாமே. காவக்காரரு சொன்னாரு. காட்டினாங்களா?”

“காட்டிட்டாங்க, தம்பி,” என்றாள் பூவாயி. “பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”